கோட்டை வாசலில் லூக்காஸ்

டுசல்டோர்ஃப்
18.07.1994

லவினியாவின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாய் இருப்பீர்கள் என்று எழுத இப்போதைக்கு மனமில்லை. ஆகையால் அதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று முழுவதும் பிறின்சி வீட்டுக்கு ரெலிபோன் எடுத்துக்கொண்டே இருந்தீர்கள். ஒவ்வொரு முறையும் வைத்தது நான்தான், என் தங்கையைத் திட்டவேண்டாம். ரெலிபோனில் நீங்கள் கத்துவீர்கள், நான் அதைவிடக் கத்துவேன். பிறகு யார் சரி என்பது மறந்து யாருடைய தொண்டை பெரிது என்பதில் போய் நிற்கும். கடிதத்தில் கத்த ஏலாது. எனவே சொல்ல வேண்டியதை எழுதுங்கள். முத்திரை ஒட்டுவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும், மீதியை நான் வாசிக்கிறேன்.

நான் ஏன் வீட்டைவிட்டு வந்தேன் என்று தெரியவில்லை என பிறின்சியின் புருஷன் அல்பேர்ட்டிடம் சொன்னீர்களாம். தெரியாவிட்டால் சொல்கிறேன், கேளுங்கள்.

எங்கள் மகள் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பழைய கிரேக்கப் பகிடி நாடகத்தைக் கொண்டுவந்தாள். இரண்டு ஊர்கள் வருடக்கணக்காகச் சண்டை பிடிக்கின்றன. பெண்களுக்குப் பொறுக்கவில்லை. சண்டை நிற்கும்வரை எந்தப் புருஷனையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை என்று சத்தியம் செய்துவிட்டு, கோட்டைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இதை நினைத்து நான் சிரித்த சிரிப்பில், ஒரு கிழவி தன் பொய்ப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுச் சேர்ந்து சிரித்தாள். என்ன கதை என்று அவளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

லவினியாவும் நானும் குசினி மேசையில் இருந்து அதைத் தமிழாக்கினோம். கலைக்கழகத் தலைவர் யோசப் அண்ணையிடம் கேட்டபோது, "கிரேக்கம் எண்டால் புனித பவுல் கடிதம் எழுதின இடமல்லோ, தாராளமாய்ப் போடுங்கோ" என்று வாசிக்காமலே சம்மதித்தார். பெண்களுக்குத் தலைவியாய் நிற்பவளின் வேடம் எனக்கு. வயோதிபர்களைக் குளிப்பாட்டும்போது வசனம் பாடமாக்கினேன். எனக்கு நாற்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் மரமாகக்கூட மேடை ஏறாதவள் நான்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யோசப் அண்ணை நாடகத்தை முழுதாக வாசித்துவிட்டு வியர்த்துப்போய் வந்தார். "உப்பிடி வசனத்தை எங்கட பொம்பிளையள் மேடையில சொல்ல ஏலாது. ஊன்ட்றொப்பில இருந்து பாரிஸ் வரைக்கும் கதைப்பாங்கள்." அவர் அப்படித்தான், அவரை விடுவோம். நீங்கள் எழும்பினீர்கள். எனக்காகத்தான் எழும்புகிறீர்கள் என்று நினைத்து நானும் நிமிர்ந்து இருந்தேன்.

"பயப்படாதேங்கோ. தலைவி வேசத்தை நான் கட்டுறன். பாஷையூரில ராணி கட்டின ஆள்" என்றீர்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு வந்து என் பச்சைப் பட்டுச் சேலையை எடுத்து இடுப்பில் பிடித்துப் பார்த்து, "நீளம் காணாது, கணுக்கால் தெரியும்" என்று வேறு சொன்னீர்கள். சேலையைக் குறை சொன்ன முதல் இடுப்பு உங்களுடையது.

அந்த வேடம் எனக்கு வேண்டும். நாடகம் ஆகஸ்ட் இருபதில். அதுவரைக்கும் வேலையில் ஊர்லாப், அதுதான் லீவு, எழுதிக் கொடுத்துவிட்டேன். அரிசி எங்கே இருக்கிறது என்று நான் சொல்லப் போவதில்லை.

கோட்டைக்குள் இருந்து,
றோசம்மா


ஹம்
21.07.1994

றோசம்மாவுக்கு,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கடிதத்தில் கத்த ஏலாது என்று எழுதியிருந்தீர். எனக்கு நன்றாகவே கேட்டது.

நான் செய்தது என்ன குற்றம்? எங்கள் பாஷையூர்க் கூத்தில் எந்தக் காலத்தில் பெண் மேடை ஏறினாள்? ராணியும் ஆண்தான், ராணியின் தோழியும் ஆண்தான், ராணி பெற்ற பிள்ளை மட்டும் சில நேரம் பொம்மை. நான் ராணியாய் நின்று அழுதபோது, வள்ளத்தில் இருந்து பார்த்தவர்களும் அழுதார்கள். ஒருவன் என்னைப் பெண் கேட்டு வந்ததாய் ஒரு கதை உண்டு. அது பொய். ஆனால் நான் மறுக்கவில்லை.

அது போகட்டும். கிரேக்க நாட்டிலும் இந்த நாடகத்தை ஆண்கள்தான் நடித்தார்களாம். பெண் வேடத்துக்கு முகமூடி போட்டு, முன்னும் பின்னும் பொதி வைத்துக் கட்டினார்களாம். இது நான் சொல்லவில்லை, உம்முடைய மகள் சொன்னது. ஆக, பாஷையூரும் ஏதென்ஸும் ஒரே வழக்கம். நீர்தான் புதிதாய் ஒன்று கேட்கிறீர்.

யோசப் அண்ணை சொல்வதிலும் நியாயம் உண்டு. "புருசனைக் கிட்ட வரவிடமாட்டன்" என்று ஆண் சொன்னால் அது பகிடி. பெண் சொன்னால் அது செய்தி. அதோடு செயற்குழு இன்னொரு திருத்தமும் செய்திருக்கிறது. சண்டை என்றால் எந்தச் சண்டை, எந்தப் பக்கம் என்று சனம் கேட்கும். ஆகவே அந்த இரண்டு ஊர்களும் இனிச் சண்டை பிடிக்கவில்லை. உதைபந்தாட்டக் கிண்ணத்துக்காக முரண்படுகின்றன. இதைக் கேட்டு லவினியா கொப்பியால் தன் தலையில் அடித்துக்கொண்டாள். என்னோடு அவள் பேசுவதில்லை, வசனத்தை மட்டும் திருத்துகிறாள்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. பாணும் சம்பலும் சாப்பிடுகிறேன். சம்பல் முடிந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம், கலை சம்பந்தமானது. முதல் காட்சியில் தலைவி மற்றப் பெண்களுக்காகக் காத்து நிற்கிறாள். ஒருத்தியும் நேரத்துக்கு வரவில்லை, கோபம். ராணியின் கோபம் என்றால் இடுப்பில் கை வைப்பேன். அப்படியே வைத்தேன். யோசப் அண்ணை, "என்ன லூக்காஸ், பஸ் பிந்திப்போச்சோ" என்கிறார். கோபம் வந்தால் பெண்கள் எப்படி நிற்பீர்கள்? தெரிந்தால் எழுதும். தெரியாவிட்டால் பரவாயில்லை.

லூக்காஸ்


டுசல்டோர்ஃப்
25.07.1994

லவினியாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிறின்சிக்கு முன்னால் வாசித்திருக்கக் கூடாது. பஸ் பிந்திய இடத்தில் அவள் வாயிலிருந்த கோப்பி அல்பேர்ட்டின் வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. அல்பேர்ட் சட்டையைத் தானே தோய்த்தார். நான் வந்த நாள் முதல் தன் கோப்பையைத் தானே கழுவுகிறார். குசினிக்குள் வருவதென்றால் கதவைத் தட்டிவிட்டு வருகிறார். "அக்கா எப்ப போறா" என்று பிறின்சியைத் தனியாகக் கேட்டாராம். "ஏன், இருக்கட்டுமே" என்றாளாம் என் தங்கை. ஒரே நாளில் வளர்ந்துவிட்டாள்.

நான் பெரிய வீராங்கனை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். கோட்டைக்குள் போன கிரேக்கப் பெண்கள் பொழுதை எப்படிப் போக்கினார்களோ தெரியாது. நான் ரைன் ஆற்றங்கரையில் இருந்து ஐஸ்கிறீம் சாப்பிடுகிறேன். போராட்டம் தொடங்கிய பிறகு என் பாவாடைகள் எல்லாம் இறுகிவிட்டன. நேற்றுக் கடையில் நல்ல பலாக்கொட்டை கண்டதும் உங்கள் நினைவு வந்து, வாங்கி, வந்த கோபத்தில் நானே முழுவதும் சாப்பிட்டேன். அதன் விளைவையும் நானே அனுபவித்தேன்.

பாஷையூரும் ஏதென்ஸும் ஒன்று என்று எழுதியிருந்தீர்கள். ஓம், ஒன்றுதான். இரண்டு இடத்திலும் பெண் எப்படி அழுவாள் என்று ஆண்கள் கூடி முடிவெடுத்தார்கள். பார்க்க வந்த ஆண்கள், அச்சாப் பெண் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இடுப்பில் கை வைத்தால் தண்ணி கொதிக்கிற கேத்தில் மாதிரித்தான் இருக்கும். இதை நான் சொல்லித் தரக்கூடாது, ஆனால் என் பாத்திரம் கேத்திலாய் நிற்பதை எண்ணினால் எனக்கு நித்திரை வரவில்லை. இருபத்திரண்டு வருடமாய் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன்? ஏற்கெனவே துடைத்த மேசையைத் திரும்பத் துடைப்பேன். மெதுவாக. நீங்கள் பத்திரிகையைத் தூக்கும்வரை.

இதுதான் கடைசி. இனி ஒன்றும் கேட்கவேண்டாம்.

றோசம்மா


ஹம்
30.07.1994

அன்புள்ள றோசம்மாவுக்கு,

துடைத்தேன். மேசை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, ஒரு வார்த்தை பேசாமல் துடைத்தேன். முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு இருந்த இரத்தினம் தன்னையறியாமல் காலை மடக்கிக்கொண்டான். மண்டபத்தில் இருந்த அத்தனை ஆண்களும் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "எங்க பழகினாய்" என்று யோசப் அண்ணை கேட்டார். "பரம்பரை" என்றேன். மன்னியும்.

ஆனால் உம்மோடு ஒரு சண்டை இருக்கிறது. மகேந்திரராஜா அண்ணை இரண்டாவது பெண்ணாக நடிக்கிறார் அல்லவா. சேலை கொசுவம் நிற்கவில்லை என்று ஒத்திகை முடிந்து அப்படியே சேலையோடு வீட்டுக்கு, மனைவி புஸ்பவதி அக்காவிடம் போயிருக்கிறார். அவர் கதவைத் திறக்கவில்லை. "நானும் சத்தியம் பண்ணியிருக்கிறன், வசனத்தை உங்கட கொப்பியில பாருங்கோ" என்று உள்ளேயிருந்து சொன்னாராம். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் யன்னலால் பார்த்து, சேலை கட்டிய மீசைக்காரருக்கு வணக்கம் சொல்லியிருக்கிறார். மகேந்திரராஜா அண்ணை இப்போது வரவேற்பறையில் படுக்கிறார். இரத்தினமும் அப்படித்தானாம். யோசப் அண்ணையின் மனைவி சாந்தா அக்கா ஒன்றும் பேசுவதில்லையாம், சிரிக்கிறாவாம், அதுதான் தனக்குப் பயமாய் இருக்கிறது என்கிறார் அவர். டுசல்டோர்ஃபில் இருந்து ரெலிபோனில் ஆள் சேர்ப்பது யார் என்று செயற்குழு என்னைக் கேட்கிறது. உம்முடைய தங்கையின் ரெலிபோன் பில்லை நினைத்தால் எனக்கு அல்பேர்ட் மீது பரிதாபமாய் இருக்கிறது.

கடைசி என்று எழுதியிருந்தீர். இன்னும் ஒன்று மட்டும். யோசப் அண்ணை ஊர்த்தலைவராய் வந்து, "பந்தாட்டத்தில பொம்பிளையளுக்கு என்ன வேலை" என்று அதட்டும் காட்சி இருக்கிறதே. தலைவி பதில் சொல்ல வேண்டும்: "எங்களைக் கேளாமல் தொடங்கினீர்கள். எங்களைக் கேட்டு நிறுத்துங்கள்." நான் குரலை உயர்த்திச் சொன்னேன், எல்லோரும் சிரித்தார்கள். தாழ்த்திச் சொன்னேன், சிரித்தார்கள். ராகம் போட்டுச் சொன்னேன், யோசப் அண்ணை கதிரையை விட்டே விழுந்தார். அது சிரிக்கிற இடம் இல்லை என்று எனக்குத் தெரிகிறது. எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

லூக்காஸ்


டுசல்டோர்ஃப்
03.08.1994

லவினியாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதுவதா விடுவதா என்று யோசித்து, ஒரு பெரிய சட்டி மீன்குழம்பு வைத்து முடித்துவிட்டேன். முடிவில் எழுதுகிறேன்.

மன்னாரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஆண்கள் இருந்து சண்டையைப் பற்றிப் பேசுவார்கள். நாங்கள் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வருவோம். பேச்சு நிற்கும். "சீனி காணுமோ" என்று யாராவது கேட்பார்கள். நாங்கள் கதவு தாண்டியதும் பேச்சுத் தொடரும். ஹம்மில் எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது, கதவும் தட்டும்தான் வேறு.

என் தம்பி றெக்ஸ் எங்களோடு வெளிக்கிடுவதா ஊரில் நிற்பதா என்பதையும் அப்படித்தான் முடிவு செய்தார்கள். நான் தட்டோடு போகப் போகப் பேச்சு நின்றது. வீட்டைப் பார்த்துக்கொண்டு அவன் நிற்கட்டும் என்று கடைசியில் எனக்குச் சொன்னார்கள். அவனுக்கு அப்போது பதினேழு வயது. இன்னும் அங்கேதான் நிற்கிறான். இடைக்கிடை கடிதம் வருகிறது. "நலம்" என்று எழுதுகிறான். நானும் முதல் கடிதத்தின் தொடக்கத்தில் "நலம்" என்று எழுதிய ஆள்தான். ஆகையால் அந்தச் சொல்லின் பெறுமதி எனக்குத் தெரியும்.

அந்த அறையில் இருந்தவர்களில் நீங்களும் ஒருவர். உங்களைக் குற்றம் சொல்லவில்லை. சீனி காணுமோ என்று கேட்டது நீங்கள் இல்லை.

அந்த வசனம் அங்கேதான் இருக்கிறது, பேச்சு நின்ற அந்த இடத்தில். அதைக் கத்த வேண்டாம், பாட வேண்டாம். தேத்தண்ணித் தட்டோடு வந்து, கோப்பையை வைத்துவிட்டு, திரும்பிப் போகாமல் நின்று சொல்லுங்கள். திரும்பிப் போகாமல் நிற்பதுதான் முக்கியம். நாங்கள் ஒருநாளும் அப்படி நின்றதில்லை.

என் பாத்திரத்தை நானே தட்டில் வைத்துத் தந்துவிட்டேன் போல இருக்கிறது. என்னைப்போல ஒரு விசர் போராளியை எந்தக் கோட்டையும் கண்டிருக்காது.

றோசம்மா


ஹம்
07.08.1994

அன்புள்ள றோசம்மாவுக்கு,

நீர் எழுதியபடியே செய்தேன். தட்டோடு வந்தேன். கோப்பையை வைத்தேன். நின்றேன். சொன்னேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. யோசப் அண்ணைக்கு அடுத்த வசனம் வரவில்லை. எழும்பி வெளியே போய், எப்போதோ விட்டுவிட்ட சிகரெட்டை இரத்தினத்திடம் கேட்டு வாங்கினார். மகேந்திரராஜா அண்ணை சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். லவினியா வந்து, "அப்பா, உதுதான்" என்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் என்னை அப்பா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

பாஷையூரில் ராணி கட்டிய காலத்திலும் எனக்கு இப்படி ஒரு நாள் கிடைத்ததில்லை. சனம் இதைப் பார்க்க வேண்டும். மண்டபத்துக்கு இன்னும் கதிரை கேட்டிருக்கிறோம்.

உமக்கு நன்றி.

லூக்காஸ்


டுசல்டோர்ஃப்
09.08.1994

லவினியாவின் அப்பாவுக்கு,

நல்லது. நன்றாகச் செய்யுங்கள்.

பச்சைச் சேலைக்குப் பொருந்தும் சட்டை அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. உங்களுக்குக் கை இறுக்கிப் பிடிக்கும், தையலைப் பிரித்து விடுங்கள்.

றோசம்மா


ஹம்
12.08.1994

என் றோசம்மாவுக்கு,

நீர் கத்தி எழுதிய கடிதங்களை எல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். சட்டை கீழ்த்தட்டில் இருக்கிறது என்ற கடிதத்தைத் தாங்க முடியவில்லை. அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய், கம்பி முறுக்கும் இயந்திரத்தில் சிவப்புக் கம்பிக்குப் பதில் நீலத்தை விட்டேன். மேலாள் என்னை வீட்டுக்குப் போகச் சொன்னார், காய்ச்சல் என்று நினைத்து.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். புஸ்பவதி அக்கா தலைமையில் பெண்கள் எல்லோரும் செயற்குழுவுக்கு வந்து, றோசம்மா மேடை ஏறாவிட்டால் விழாவுக்கு இறைச்சி றோல்ஸ் சுட்டுத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இந்த ஊரில் றோல்ஸ் இல்லாமல் ஒரு விழா நடந்ததாகச் சரித்திரம் இல்லை. யோசப் அண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. "றோல்ஸ் என்ன, றொக்கற்றோ. நாங்களே சுடுவம்" என்றார்.

பங்கு மண்டபத்துக் குசினியில், ஒத்திகை முடிந்த கையோடு, சேலையையும் அவிழ்க்காமல் இறங்கினோம். மகேந்திரராஜா அண்ணை அடிமட்டத்தால் அளந்து மா ஊற்றினார். இரத்தினம் இறைச்சிக் கறியைக் குழம்பாகவே வைத்துவிட்டான், அது சுற்றச் சுற்ற ஒழுகியது. எண்ணெய்க்குள் போட்டதும் ஒவ்வொன்றாய் வாயைத் திறந்தன. அவ்வளவு புகை வரும் என்று எங்களுக்குத் தெரியாது. எதிர்வீட்டு அம்மா தீயணைப்புப் படைக்கு ரெலிபோன் அடித்துவிட்டார்.

அவர்கள் கோடரியோடு உள்ளே வந்தபோது நாங்கள் பூவும் பொட்டுமாய் நின்றோம். ஒரு வீரர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, மிகவும் மரியாதையாக, இது என்ன என்று கேட்டார். யோசப் அண்ணை அதை நெடுநேரம் பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை.

அவர்கள் போன பிறகு யோசப் அண்ணை நெற்றியிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "சரி. றோசம்மா ஏறட்டும். ஆனால் வேசம் இப்ப லூக்காஸின்ர. அவன் அந்தத் தட்டோட வந்து நிண்டதைக் கண்ட பிறகு, விடு எண்டு நான் கேட்க மாட்டன். அவன் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு விட மனமில்லை. அந்த அமைதி மறுபடி ஒருமுறை எனக்குக் கிடைக்காது. நான் எதை விடுகிறேன் என்று உமக்குத் தெரியவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன், பெருமைக்காக அல்ல.

ஆனால் நான் மேசை துடைத்தபோது அது உம்முடைய கை. தட்டோடு நின்றபோது அது உம்முடைய கால். முன்னறையில் நான் இருந்த கதிரையில் இருந்துகொண்டு, நீர் நின்ற இடத்தில் நின்றதாய்க் கைதட்டு வாங்குகிறேன்.

"வேசம் அவவின்ர" என்றேன். மகேந்திரராஜா அண்ணையும் தன் வேசத்தைப் பெண்களுக்கே விட்டார், இரத்தினம் அங்கேயே சேலையை அவிழ்த்துப் போட்டான். பாவம், அவனுக்கு அது வெக்கையாய் இருந்திருக்கிறது.

வாரும்.

உம்முடைய,
லூக்காஸ்


டுசல்டோர்ஃப்
14.08.1994

என் லவினியாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்னமே புஸ்பவதி அக்கா, சாந்தா அக்கா, இரத்தினத்தின் மனைவி என்று எல்லோரும் ரெலிபோன் அடித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் கடிதத்தைப் புதிதாகக் கேட்பவள்போல வாசித்தேன். பிறகு குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே வந்தபோது அல்பேர்ட் கதவடியில் துவாயோடு நின்றார். அவர் நல்ல மனிதர், அவருக்குப் பயிற்சிதான் போதாது.

நாளைக்கு ரெயினில் ஒத்திகைக்கு வருகிறேன். ஆனால் ஒத்திகை முடிந்ததும் இங்கே திரும்பி விடுவேன். சத்தியம் சண்டை முடியும்வரை. சண்டை நாடகத்தின் கடைசிக் காட்சியில்தான் முடிகிறது. நடிப்பு என்றால் ஒழுங்கு வேண்டும், இது நீங்கள் அடிக்கடி சொல்வது.

இப்போது வேறொரு சிக்கல். நீங்கள் என்ன கட்டப் போகிறீர்கள்? மிச்சம் இருப்பது ஒரே வேடம். கோட்டை வாசலில் வந்து நின்று, மனைவியைக் கதவைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சும் புருஷன். நீங்கள் ஆயுளில் ஆண் வேடம் கட்டியதில்லை. உங்களுக்கு வருமா?

றோசம்மா


ஹம்
17.08.1994

என் றோசம்மாவுக்கு,

வரவில்லை. நீரே ஒத்திகையில் பார்த்தீர். ஆண் என்றால் கையை எங்கே வைத்துக்கொள்வது? சேலை கட்டியபோது தலைப்பையாவது பிடித்துக்கொண்டேன். இப்போது இரண்டு கையும் சும்மா தொங்குகின்றன. நடக்கும்போது இடுப்பு ராணியாகவே போகிறது. "கொஞ்சம் ஆம்பிளை மாதிரி நட" என்று சாந்தா அக்கா கத்துகிறா. இவ்வளவு காலம் ஒன்றுமே பேசாத மனிசி.

கெஞ்சுகிற வசனம் முழுவதும் எனக்குப் பாடம். ஆனால் கோட்டைக்கு மேல் நீர் நிற்பதைக் கண்டால் ஒன்றும் வருகுதில்லை. எப்படிச் சொல்வது? எழுதும்.

லூக்காஸ்


ஹம்
29.08.1994

என் லவினியாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

இப்போது நான் வீட்டில், நீங்கள் பிறின்சி வீட்டில். டுசல்டோர்ஃப்காரருக்கும் இந்த நாடகம் வேண்டுமாம், அங்குள்ள ஆண்களைப் பழக்க அண்ணாவியாராய் நீங்களே வேண்டுமாம், மிச்ச ஊர்லாப் முழுவதையும் அங்கே கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறீர்கள். போன நாள் முதல், நாடகத்தில் எப்படி இருந்தேன் என்று என்னை ரெலிபோனில் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நீங்கள் கோட்டைக்கு வெளியே கீழே நின்றீர்கள். உங்களுக்கு என்ன தெரிந்திருக்கும்? நான் பியர்ப் பெட்டிகளை அடுக்கி, மேலே கட்டில் விரிப்பைப் போர்த்துக் கட்டிய கோட்டையில் நின்றேன். அங்கிருந்து முழு மண்டபமும் தெரிந்தது. ஆகவே முழுதாக எழுதுகிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்குக் கால் நடுங்கியது. அடியிலிருந்த போத்தல்கள் கிணுகிணு என்று சத்தம் போட்டன. கோட்டைக்குள் ஏதோ வாத்தியம் வாசிக்கிறார்கள் என்று சனம் நினைத்து ரசித்தது. மண்டபம் தந்த பாதிரியார் இளமையில் கிரேக்கம் படித்தவராம். தமிழ் ஒரு சொல்லும் தெரியாத மனுசன், பகிடி வருவதற்கு முன்னமே சிரித்து எங்கள் சனத்தை உஷார்ப்படுத்திக்கொண்டிருந்தார்.

பிறகு அந்தக் காட்சி. நான் தட்டோடு இறங்கி வந்தேன். யோசப் அண்ணை அதட்டினார். கோப்பையை வைத்தேன், நின்றேன். "பந்தாட்டம்" என்ற சொல் வாயில் வரவில்லை. நான் மறக்கவில்லை, அது வரவில்லை. "சண்டையை எங்களைக் கேளாமல் தொடங்கினீர்கள்" என்றேன். "எங்களைக் கேட்டு நிறுத்துங்கள்."

உங்களுக்குக் கிடைத்த அமைதி பெரியது என்று எழுதியிருந்தீர்கள். எனக்குக் கிடைத்ததை நான் சொல்லமாட்டேன். முன்வரிசையில் புஸ்பவதி அக்கா கையைக் கன்னத்தில் வைத்தார். பின்வரிசைகளில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாய் நிமிர்ந்தார்கள். யோசப் அண்ணையின் அடுத்த வசனம், "பந்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும்" என்பது. அவர் அதைச் சொல்லவில்லை. கோப்பையை எடுத்துக் குடித்தார். அதற்குள் ஒன்றும் இல்லை. வெறுங்கோப்பையை அடிவரை குடித்து, வாயைத் துடைத்து, "நல்ல தேத்தண்ணி" என்றார். லவினியா திரைக்குப் பின்னால் நின்று, இது கிரேக்கத்தில் இல்லை என்று கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்தது உங்கள் வரவு. வாசலில் வந்து நின்றீர்கள். கைகள் தொங்கின. ஒரு வசனமும் வரவில்லை. எனக்கு எல்லா வசனமும் தெரியும், மெதுவாய் எடுத்துத் தந்திருக்கலாம். தரவில்லை. கடைசியில், "கதவைத் திறவும் றோசம்மா, இவ்வளவும் காணும்" என்றீர்கள். நாடகத்தில் என் பெயர் அது இல்லை. மண்டபம் வெடித்தது.

"திற பிள்ளை, பாவம் அந்த மனுசன்" என்று ஒரு பக்கம். "திறவாதை, முதல்ல வாக்கு வாங்கு" என்று மறுபக்கம். மகேந்திரராஜா அண்ணை திற என்ற கட்சி, அவருடைய மனைவி திறவாதே என்ற கட்சி, இரண்டு பேரும் ஒரே வரிசையில். எழுதியிருந்ததைவிட நெடுநேரம் உங்களை வெளியே நிறுத்தினேன். காரணம் கேட்டால், எனக்கு நன்றாய் இருந்தது. உங்களை உயரத்தில் இருந்து பார்த்தது அதுதான் முதல் முறை. தலையின் நடுவில் முடி கொட்டியிருப்பதும் அன்றுதான் தெரிந்தது. அந்த இடத்தில் எனக்கு ஒரு இரக்கம் வந்தது, அதை முகத்தில் காட்டவில்லை, நானும் நடிகைதான்.

"என்ன சொல்லவேணும் எண்டு நீரே சொல்லும், சொல்லுறன்" என்றீர்கள்.

"சண்டையை நிப்பாட்டுவியளோ?"

"ஓம்."

"எல்லாச் சண்டையையுமோ?"

நீங்கள் யோசித்தீர்கள். அந்த யோசனைக்காகத்தான் கதவைத் திறந்தேன். "என்ர கைக்கு எட்டினதை" என்றீர்கள். ஊரில் சமாதானம் பேசப் போகிறார்களாம் என்று இப்போது எல்லா வானொலியும் சொல்கிறது. பேசுகிறவர்கள் எல்லோரும் உங்களைப்போல வாசலில் நின்று கொஞ்சம் யோசித்தால் நல்லது. றெக்ஸுக்கு முழுக் கதையையும் எழுதி அனுப்பியிருக்கிறேன். சிரிக்கட்டும்.

நீங்கள் எப்படி நடித்தீர்கள் என்று கேட்டால், நீங்கள் நடிக்கவே இல்லை. ஆனால் அதை டுசல்டோர்ஃபில் சொல்லிவிடாதீர்கள், அண்ணாவியார் பட்டத்தைப் பறித்துவிடுவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். டுசல்டோர்ஃப் கழகம் ஆண்களைப் பழக்க உங்களைக் கூப்பிட்டது. பெண்களைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே அந்தப் பெண்களே நேரே என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு கிழமையாய் ரெலிபோனில் பழக்குகிறேன். பிறின்சிதான் தலைவி, அபாரமாய்ச் செய்கிறாள். இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைக்கும் நாளில், பிறின்சி வீட்டில் அவர்களுக்கு முதல் முழு ஒத்திகை. நீங்கள் ஆண்களைப் பழக்கிவிட்டும் அல்பேர்ட் வேலை முடித்தும் வீட்டுக்கு வரும்போது கதவு உள்ளே பூட்டியிருக்கும். அல்பேர்ட் பயந்துவிடுவார், பக்கத்தில் நின்று தைரியம் சொல்லுங்கள். உங்களைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அந்த வேடம் இப்போது உங்களுக்கு நன்றாக வருகிறது.

றோசம்மா